வகுப்பில் வீட்டுக் கதையைச் சொல்ல வைக்கலாமா?

நெய்தல்: எங்கள் கல்வி வலயத்தில் ஒரு யோசனை அடிபடுகிறது. ஆறாம் ஆண்டிலிருந்து வாரத்துக்கு ஒரு பாடவேளை உளவளத்துணைக்கு, அதாவது மனநல ஆலோசனைக்கு. பிள்ளைகள் குடும்பத்தில் நடந்ததை எழுதியோ வரைந்தோ சொல்லவேண்டும். நான் ஆதரவு. 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள்தான், ஆனால் காணாமல் போன மாமாவின் படத்தைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள். பள்ளிக்கூடமும் வாய் திறக்காவிட்டால் எப்படி?

கரும்பலகை: எதிர்க்கிறேன். போர் பாதித்த வட இலங்கைப் பிள்ளைகள் 399 பேரிடம் பள்ளிகளில் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. 5 வாரத்தில் 15 உளநல அமர்வு. பையன்களுக்குச் சில அறிகுறிகள் குறைந்தன. பெண்பிள்ளைகளிலோ, அமர்வே கிடைக்காமல் காத்திருந்தவர்கள்தான் அதிர்ச்சி அறிகுறிகளில் கூடுதலாகத் தேறினார்கள். எல்லாருக்கும் ஒரே மருந்து என்று இறங்குவது ஆபத்து.

நெய்தல்: பாதியைத்தான் சொல்கிறீர்கள். நடத்தைப் பிரச்சினைகள் குறைந்ததும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

கரும்பலகை: இருக்கட்டும். ஆனால் அங்கே பயிற்சி பெற்றவர்கள் நடத்தினார்கள். இங்கே கணித ஆசிரியர் தலையில்தான் விழும். அப்புறம், தகப்பன் குடிப்பதை ஒரு பிள்ளை வரைந்தால் இடைவேளைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். மறுநாள் அந்தப் பிள்ளை எந்த முகத்தோடு வரும்?

பனைவடலி: இருவரும் பிரம்பை மறந்துவிட்டீர்களே! உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டது. இன்னும் மேசையில் பிரம்பால் அடித்துத்தான் வகுப்பை அடக்குகிறார்கள். அந்தச் சத்தத்துக்கே நடுங்கும் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை உளவளத்துணையாம்! இரவில் நித்திரை இல்லாமல் பிந்தி வருபவனை வாசலில் வெயிலில் நிறுத்தாதீர்கள், ஏன் பிந்தினாய் என்று தனியாகக் கேளுங்கள். விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்தைத் தொடங்க வெடி வைப்பதாக இருந்தால் முதல்நாளே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் விசில் ஊதுங்கள். இதற்கெல்லாம் பாடவேளையும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

கரும்பலகை: அக்கா சொல்வது எனக்குச் சம்மதம். வழக்கமான நேரசூசி, அடி இல்லாத வகுப்பு, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியர். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது போதும்.

நெய்தல்: போதாத பிள்ளைக்கு? நித்திரையில் கத்துகிறாள் என்று தாய் வந்து சொன்னால் யாரிடம் அனுப்புவது? எங்கள் உளவளத்துணை ஆசிரியரை, வராத ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்க்க அனுப்பிவிடுகிறார்கள். அவருக்கென்று ஒதுக்கிய அறையில் பந்தும் வலையும் கிடக்கின்றன. முதலில் அந்த அறையின் திறப்பை வாங்கித் தாருங்கள், வாரப் பாடவேளையைப் பிறகு பேசலாம்.

கரும்பலகை: அதற்கு நானே அதிபருக்குக் கடிதம் எழுதித் தருகிறேன். வரையச் சொல்வதற்கு மட்டும் கையெழுத்துக் கேட்காதீர்கள்.