மகளை ஜப்பானுக்குக் கூட்டிக்கொண்டு போறதா, ஸ்கொலர்ஷிப் எழுத இங்கயே விடுறதா?

வெள்ளவத்தை அம்மா எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். இவருக்கு ஜப்பான் அரசாங்கத்தின்ர புலமைப்பரிசில் கிடைச்சிருக்கு. சுகுபா பல்கலைக்கழகத்தில கலாநிதிப் பட்டம், வாற ஏப்ரலில இருந்து மூன்று வருஷம். மகள் தமிழ் மீடியம், மூன்றாம் வகுப்பு, யூலையில எட்டு வயது முடியுது. கெட்டிக்காரி எண்டு ரீச்சர்மார் சொல்லுகினம், பிரச்சினையே அதுதான். "அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் எழுதவேண்டிய பிள்ளையை இழுத்துக்கொண்டு போறியோ, எங்களிட்ட விடு" எண்டு அம்மா ஒருபக்கம், மாமி ஒருபக்கம். எனக்கு விட்டுட்டுப் போக மனமில்லை. ஆனா திரும்பி வரேக்க அவள் ஆறாம் வகுப்பு. இடையில விட்டது எல்லாத்தையும் எப்பிடிப் பிடிக்கிறது? சாப்பாடும் யோசினை. மாடு, பண்டி சாப்பிடமாட்டம், வெள்ளிக்கிழமை சைவம். பிள்ளையோட வெளிநாட்டில இருந்து திரும்பி வந்த ஆக்கள் ஆராவது இருந்தாச் சொல்லுங்கோ.

கணக்கு ரீச்சர்:

நேரடியாச் சொல்லுறன், கோவிக்கவேண்டாம். அஞ்சாம் வகுப்புக்குப் படிப்பிச்ச அனுபவத்தில சொன்னா, நாலாம் வகுப்பில அடிப்படை விழவேணும். ரெண்டு தாளும் சேர்த்து 200 புள்ளி, கொழும்பில போட்டி என்னெண்டு உங்களுக்குத் தெரியும். நல்ல பாடசாலைக்கு மாற அதுதான் வாசல். அம்மம்மாவோட விட்டுட்டுப் போங்கோ, பரீட்சை முடிய கூப்பிடலாம். இல்லாட்டி சூமில ரியூசன் எண்டாலும் ஒழுங்கு செய்யுங்கோ.

முன்னாள் சுகுபாக்காரி:

அக்கா, நீங்கள் கூட்டிக்கொண்டு போக யோசிக்கிற அந்தப் பிள்ளைதான் நான், என்ன, கொஞ்சம் முந்தின பதிப்பு. அப்பா அதே பல்கலைக்கழகத்தில ஆராய்ச்சி செய்யப் போகேக்க எனக்கும் உங்கட மகளின்ர வயதுதான். அப்ப சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் இல்லை, அது 2005இல தான் ஓடத் தொடங்கினது. டோக்கியோ போறதெண்டா பஸ், அம்மம்மாவோட கதைக்கிறதெண்டா போன் கார்ட். ஆனபடியால் நான் சொல்லுறதில சிலது பழசாயிருக்கும்.

முதல்ல வகுப்பு விஷயம். அங்க ஏப்ரல் 2ஆம் திகதியில இருந்து அடுத்த வருஷம் ஏப்ரல் 1 வரைக்கும் பிறந்த பிள்ளையள் ஒரு வகுப்பு. யூலைப் பிள்ளை எண்டா உங்கட மகளை ரெண்டாம் வகுப்பில தான் போடுவினம். "என்ர பிள்ளையை இறக்கிப்போட்டாங்கள்" எண்டு சண்டைக்குப் போகாதேங்கோ, வயதுக் கணக்கு மட்டும்தான். உண்மையில அது லாபம். முதலாம் வகுப்பில 80 கஞ்சி எழுத்து (சீனத்தில இருந்து வந்த ஜப்பான் எழுத்து), ரெண்டாம் வகுப்பில இன்னும் 160, மூன்றாமில 200. ஒரு வருஷம் கீழ போனா அவ்வளவு சுமை குறையும். வாய்ப்பாடும் அங்க ரெண்டாம் வகுப்பில தான், பாட்டு மாதிரிப் பாடமாக்கி ரீச்சருக்கு ஒப்பிக்கவேணும். நான் இப்பவும் வெள்ளவத்தை மாக்கெட்டில காசு கணக்குப் பாக்கிறது "நி நின் கா சி" (ரெண்டு ரெண்டு நாலு) எண்டுதான். மற்ற ஜப்பான் மொழி எல்லாம் வந்து ஒரு வருஷத்தில கரைஞ்சு போச்சு.

நாங்கள் போனது இங்க சண்டைக்காலம். காலி வீதியைத் தனியக் கடக்கவே என்னை விடமாட்டினம், வாசலில வான் வந்து ஏத்தும், வழியில செக்பொயின்ற். அங்க போய் ரெண்டாம் கிழமை, பக்கத்து வீட்டுப் பிள்ளையளோட வரிசையாப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போறன். முன்னுக்கு ஒரு ஆறாம் வகுப்புப் பெடியன், பின்னுக்கு ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை, பெரிய ஆக்கள் ஒருத்தரும் இல்லை. அம்மா மரத்துக்கு மரம் ஒளிச்சு ஒளிச்சு எங்களுக்குப் பின்னால வந்தவா. முழு வகுப்புக்கும் தெரியும், அவாவுக்கு மட்டும் அது தெரியாது.

முதல் தவணை முழுக்க நான் வகுப்பில வாயே திறக்கேல்லை. வீட்ட வந்தா "இண்டைக்கு என்ன நடந்தது?" எண்டு கேள்வி. விளங்கினாத்தானே சொல்லுறதுக்கு! உங்கட மகளும் அப்பிடி இருந்தா ஊமையாப் போட்டாளோ எண்டு பதறாதேங்கோ. வேற பாடசாலைக்கு மாத்தவும் ஓடாதேங்கோ. என்னைப் பாடநேரத்தில பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் ஒரு வயசான ரீச்சர் தனிய மொழி படிப்பிச்சவா. கணக்குப் பாடத்தில எனக்கு விடை தெரியும் எண்டு வகுப்புக்குத் தெரிய வந்தாப் பிறகுதான் பிள்ளையள் கிட்ட வந்து இருந்ததுகள்.

இனி நான் உண்மையில எழுத வந்த விஷயம். ரெண்டாம் வருஷம் அம்மாவை விட எனக்கு மொழி நல்லா வந்திட்டுது. அண்டையில இருந்து வீட்டின்ர மொழிபெயர்ப்பாளர் நான். நகரசபையில காப்புறுதி அட்டை, பல் டொக்டர், காஸ் பில், எல்லாத்துக்கும் "பிள்ளையை விடுங்கோ, அவள் கதைப்பாள்". தம்பி அங்கதான் பிறந்தவன். கிளினிக்கில டொக்டர் அம்மாவைப் பாத்து ஏதோ நீளமாச் சொல்லுவார். அந்தச் சொல்லெல்லாம் எனக்குத் தமிழிலயே தெரியாது. அம்மா என்ர முகத்தைப் பாப்பா. நான் "எல்லாம் நல்லமாம்" எண்டு சொல்லுவன். இரவில படுத்துக்கிடந்து, உண்மையிலயே எல்லாம் நல்லம் எண்டுதான் சொன்னவரோ எண்டு யோசிப்பன். அப்பா லாபில, அவருக்கு நேரமில்லை. தம்பி சுகமாப் பிறந்தான், இப்ப என்னை விட உயரம். ஆனா அந்தப் பயத்தை ஒன்பது வயதுப் பிள்ளையின்ர தலையில வைக்கக்கூடாது அக்கா. கடையில பால் வாங்க மகள் கதைக்கட்டும், அது அவளுக்குப் புழுகம். டொக்டரிட்டயும் கந்தோரிலயும் வேண்டாம். பல்கலைக்கழகத்தின்ர சர்வதேச மாணவர் பிரிவிலயும் நகரசபையிலயும் முன்கூட்டியே மொழிபெயர்ப்பு உதவி கேளுங்கோ. இப்ப போனிலயும் மொழிபெயர்க்கலாம், எங்களுக்கு அது இல்லை.

பெற்றார் சந்திப்புக்கும் அதே. எனக்கும் அம்மாவுக்கும் நடுவில ரீச்சர் இருந்து, நான் அடிக்கடி பொருள்களை மறந்துபோட்டு வாறதைப் பற்றி ஒரு பாட்டம் சொல்லி முடிச்சார். நான் அம்மாவுக்குச் சொன்னது "கெட்டிக்காரியாம்". அம்மா சந்தோஷத்தில அவருக்கு ஒரு பெட்டி தேயிலை குடுத்தவா.

திரும்பி வந்த கதையில ஒண்டு மட்டும் சொல்லுறன், ஏனெண்டா இதை ஒருத்தரும் நினைக்கிறதில்லை. எல்லாரும் தமிழ் மறந்திடும் எண்டு பயப்பிடுவினம். வீட்டில தமிழ் கதைச்சா அது எங்கயும் போகாது. றகர ரகரம், ணகர னகரம் கொஞ்சம் உதைக்கும், ஒரு வருஷத்தில சரி. என்னை அடிச்சது சிங்களப் பாடம். மற்றப் பிள்ளையள் கட்டுரை எழுதுதுகள், எனக்கு அயன்ன ஆயன்னவே தடுமாற்றம். கொழும்பில இருந்துகொண்டு பஸ் போர்ட் வாசிக்கத் தெரியாத பிள்ளையா நிண்டன். ஆனபடியால் தமிழ், சைவநெறி புத்தகங்களோட சிங்களப் புத்தகத்தையும் கட்டாயம் கொண்டு போங்கோ. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர இணையத்தளத்தில எல்லாப் பாடப்புத்தகமும் இலவசமா இறக்கலாம்.

ரீச்சர் சொல்லுறதும் விளங்குது, அவா தினம் காணுற உலகம் அது. நான் ஸ்கொலர்ஷிப் எழுதவே இல்லை. முந்திப் படிச்ச பாடசாலைக்கே திரும்பிப் போய் உயர்தரம் வரைக்கும் படிச்சன். தாய் தகப்பன் கடல் கடந்து இருக்க, பிள்ளை இங்க இருந்து மாதிரி வினாத்தாள் செய்யிறது எனக்குச் சரியாப் படேல்லை.

தெஹிவளை உம்மா:

நாங்க நகோயாவுல இருந்துட்டுப் போன வருஷம்தான் வந்த. சாப்பாட்டைப் பத்தி மட்டும் சொல்றேன். மாசா மாசம் ஸ்கூல்ல இருந்து மெனு பேப்பர் ஒண்டு வரும், ஒவ்வொரு நாளும் என்ன சமைக்கிற, என்ன சாமான் போடுற எண்டு எல்லாம் அதுல இருக்கும். பண்டி இருக்கிற நாளுக்கு மகனுக்கு வீட்டுல இருந்து அதே மாதிரி ஒண்டைச் செஞ்சு குடுத்தனுப்பின. மத்தப் புள்ளைகள் கறி சாப்பிட்டா இவனுக்குக் கோழிக் கறி, அவ்வளவுதான், ஆரும் ஒண்டும் கேக்கல்ல. உங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் கரைச்சல், மரக்கறி சூப்புலயும் மீன் துருவல்ல எடுத்த சாறு ஊத்துவாங்க. வெள்ளிக்கு வீட்டுச் சாப்பாடு எண்டு முதலே ரீச்சர்க்கிட்டச் சொல்லிருங்க. பால் மட்டும் ஒவ்வொரு நாளும் 200 மில்லி.

இன்னொண்டு, வகுப்பைப் புள்ளைகளே தொடைக்கிற. அதுக்குப் பழைய துவாயை மடிச்சுத் தைச்ச துணி குடுக்கோணும். பெட்டாவுல மலிவாத் துவாய் வாங்கிட்டுப் போங்க, அங்க ஊசி பிடிச்சே கை போயிடும். பென்சில்ல இருந்து கணக்குக் குச்சி வரைக்கும் ஒண்டொண்டுலயும் பேர் ஒட்டோணும்.

வெள்ளவத்தை அம்மா:

எல்லாருக்கும் மெத்தப் பெரிய உபகாரம். கிளினிக் கதையை இவருக்கு வாசிச்சுக் காட்டினன், கனநேரம் ஒண்டும் பேசேல்லை. கூட்டிக்கொண்டு போறதெண்டு முடிவெடுத்திட்டம், அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. சுகுபாக்காரித் தங்கச்சி, ரெண்டு கேள்வி. அங்க பள்ளிக்கூடப் பிள்ளையள் கொண்டு போற தோல் புத்தகப்பை ஐம்பதாயிரம் யென்னுக்கு மேல எண்டு பாத்தன், கட்டாயமோ? சூம் ரியூசன் சரிவருமோ?

முன்னாள் சுகுபாக்காரி:

பை கட்டாயம் எண்டு சட்டம் இல்லை, ஆனா எல்லாரும் கொண்டு வருவினம். புதிசு வாங்காதேங்கோ. படிப்பு முடிஞ்சு திரும்புற வெளிநாட்டுக் குடும்பங்கள் விட்டுட்டுப் போறது கிடைக்கும். என்னுடையதும் ஒரு பங்களாதேஷ் அக்கா பாவிச்சதுதான்.

சூம் கிழமை நாளில வேண்டாம். இங்க பின்னேரம் நாலு மணி எண்டா அங்க இரவு ஏழரை, வீட்டுப்பாடம் முடிச்சு நித்திரைக்குப் போற நேரம். ஞாயிறு எண்டாப் பரவாயில்லை, அதுவும் சிங்களத்துக்கு. போக முதல் பாடசாலையில விடுகைப் பத்திரம் எடுக்கவேணுமோ, பேரை வைச்சுக்கொண்டே விடுமுறை தருவினமோ எண்டு அதிபரிட்டக் கேட்டு, சொல்லுறதை எழுத்தில வாங்குங்கோ. அம்மாவுக்குச் சொல்லேக்க அதையும் காட்டலாம்.