மறுமடல்: காரின் ஃப்ளோர் மேட்டுக்கு எந்தச் சொல்?

அன்பர்களுக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான ‘காரின் உட்புறப் பராமரிப்பு’ கையேடு நாளை மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். சீட் கவருக்கு ‘இருக்கை உறை’ என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. தலையணை உறை என்று வீட்டில் புழங்கும் சொல் அங்கே இயல்பாகப் பொருந்திவிட்டது. நான்கு நாளாக நாம் சொல் கிடைக்காமல் நிற்பது, காரில் கால் வைக்கும் இடத்தில் போட்டு எடுக்கும் ஃப்ளோர் மேட்டில்தான்.

பலரும் முதலில் சொன்னது ‘மிதியடி’. பரதன் தலையில் தாங்கிச் சென்றதும் மிதியடிதான், ஆகவே அது செருப்புக்கே உரியது என்று மறுத்தவர்களின் வாதம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் தடை வேறு. பெடலைக் கையேடு முழுவதும் ‘மிதி’ என்றே எழுதியிருக்கிறேன். ‘மிதியடி பிரேக் மிதியின் அடியில் சிக்காமல் பார்த்துக்கொள்ளவும்’ என்ற வரியை வகுப்பில் படித்தபோது, ஒரு மாணவர் காருக்குள் குனிந்து, பெடலுக்குக் கீழிருந்த வெறுந்தரையைத் தொட்டு, “இதுதானே ஐயா மிதியடி?” என்று கேட்டார். மிதிக்கு அடியில் இருப்பது மிதியடி என்று அவர் பிரித்ததில் இலக்கணப் பிழை எதுவுமில்லை. ஆனால் அந்தக் குழப்பம் உயிருக்கே ஆபத்தாகலாம். 2009இல் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே, இடம் மாறிய மேட் முடுக்கி (ஆக்சிலரேட்டர்) மிதியைப் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதுதான்.

பெரியவர் ஒருவர் மூன்று மடல்களில் விரித்துரைத்த ‘தவிசு’ அழகான சொல். விரிப்பு, இருக்கை ஆகிய இரு பொருளும் அதற்கு உண்டு; இலங்கையில் பிரதேச சபைத் தலைவரைத் தவிசாளர் என்பதில் இருக்கைப் பொருள் இன்றும் வாழ்கிறது. இருக்கையும் விரிப்பும் அருகருகே இருக்கும் காருக்குள் அதே காரணத்தால் அது உதவாது.

பெரும்பான்மையினர் ‘தரைவிரிப்பு’ என்கிறீர்கள். காரின் தரையோடு ஒட்டிய கம்பளம் ஒன்று முன்பே இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம். மழைக்காலத்தில் மேலே கிடப்பதை எடுத்து உதறிவிட்டு, கீழேயுள்ள கம்பளத்தைக் கையால் அழுத்தி ஈரம் பார்க்கச் சொல்கிறேன். ஈரம் தங்கினால் வாடை வரும், நாளடைவில் தகடும் துருப்பிடிக்கும். எது எடுக்க வருவது, எது ஒட்டியிருப்பது என்று சொல்லிலேயே தெரிய வேண்டும். அதனால்தான் ‘கால்விரிப்பு’ என்கிறேன். ஓட்டுநரின் குதிகால் ஊன்றி ஊன்றி ரப்பர் வழவழப்பாகும் இடத்தைப் பார்த்தவர்கள் அந்தச் சொல்லை ஏற்பார்கள். அந்த வழவழப்பை நான் ‘தேய்வு’ என்றே எழுதுகிறேன். ‘தேய்மானம்’ வணிகவியல் பாடத்தில் மதிப்புக் குறைவுக்குப் போய்விட்டது.

‘மேட்’ என்றே விடலாம் என்ற அன்பரின் கருத்திலும் நியாயம் உண்டு; கடையில் வேறு பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்காது. ஆகவே சொல் முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘மேட் எனப்படும்’ என்று சேர்க்கிறேன்.

எண்ணிக்கைப்படி ‘தரைவிரிப்பு’ அச்சேறும், ஒட்டிய கம்பளம் ‘அடிக்கம்பளம்’ ஆகும். எனக்கு இதில் உடன்பாடில்லை. அச்சான கையேடு வந்ததும் அந்த எச்சரிக்கை வரியை அதே மாணவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் கை எங்கே போகிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.