ஆகஸ்ட் விடுமுறையில் மலையகத்தில் மூன்று நாள் சைக்கிளும் ஓட்டமும்: இத்திட்டம் சரிவருமா?

வெள்ளவத்தை ஓட்டக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்ட் மாதப் போயாவை (பௌர்ணமி விடுமுறையை) ஒட்டி வரும் மூன்று நாள் விடுமுறையை நானும் என் மைத்துனரும் மலையகத்தில் சைக்கிளிலும் ஓட்டத்திலும் கழிக்க எண்ணியிருக்கிறோம். எங்களுடையவை கொழும்பு–காலி வீதியில் பழகிய கால்கள். சமதரையில் ஒரே நாளில் 80 கிலோமீற்றர் செல்வது எங்களுக்குச் சிரமமில்லை. அட்டனில் தங்கி, முதல் நாள் தலவாக்கலை வழியாக நுவரெலியா சென்று திரும்புவது, இரண்டாம் நாள் தோட்டப் பாதைகளில் 20 கிலோமீற்றர் ஓடுவது, மூன்றாம் நாள் நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மறுபடியும் சைக்கிளில் செல்வது என்று திட்டமிட்டுள்ளோம். இருவரிடமும் மெல்லிய டயர் பூட்டிய றேசிங் சைக்கிள்களே உள்ளன. மாற்ற வேண்டுமானால் எதை முதலில் மாற்ற வேண்டும் என்று அப்பகுதிகளை அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

அப்புத்தளைவாசி

தம்பி, முதலில் மாற்ற வேண்டியது ஊரை. ஆகஸ்டில் தென்மேல் பருவக்காற்று ஓய்ந்திருக்காது; நீங்கள் சொன்ன அட்டன், நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் அந்த மழையை நேராக வாங்கும் மேற்குச் சரிவில் இருக்கின்றன. மலைத்தொடரைத் தாண்டி வெலிமடை, அப்புத்தளை, பண்டாரவளை உள்ள ஊவாப் பக்கம் இறங்கும்போது அதே காற்று ஈரத்தை இழந்து வறண்டு வீசுகிறது. ஊவாத் தேயிலையின் தனி மணம் இந்த மாதங்களில்தான் கூடி வரும் என்பதற்கும் அந்தக் காய்ந்த காற்றே காரணம்.

இரண்டாவதாக, இங்கே தூரத்தைப் பார்க்காமல் ஏற்றத்தைப் பாருங்கள். நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான் என்பதால், வழக்கமான வேகத்தைப் பிடிக்க முயன்றால் முதல் நாளிலேயே மூச்சு வாங்கிவிடும். சைக்கிள்களை வேனில் ஏற்றி நுவரெலியாவுக்கு வந்து, ஹக்கல வழியாக வெலிமடைக்கு இறங்கி, உருளைக்கிழங்குத் தோட்டங்களினூடாகப் பொரலந்தைக்கும் அங்கிருந்து அப்புத்தளைக்கும் ஏறுங்கள். ஐம்பது கிலோமீற்றருக்குள் முடியும் பாதைதான். ஆனால் வெலிமடையில் இறங்கி முடிந்ததும் ஏற்றம் தொடங்குவதால், அந்தக் கடைசிப் பகுதிக்குத் தெம்பை மிச்சம் வைத்திருக்க வேண்டும். ரொட்டியும் கட்டைச் சம்பலும் பிளேன்டீயும் வெலிமடையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. அப்புத்தளையை நெருங்கும்போது மலை இடைவெளியினூடாக வரும் பக்கக் காற்று சைக்கிளை வீதியின் நடுவுக்கே தள்ளிவிடும். இரு கைகளாலும் ஹேன்டிலைப் பிடித்துச் செல்லுங்கள்.

மூன்றாம் நாள் பண்டாரவளை வழியாக எல்ல வரை சென்று நிறுத்திவிடலாம். அங்கிருந்து வெல்லவாய வரை போகச் சிலர் ஆசைப்படுவார்கள். விடுமுறை வாகன நெரிசலில் அந்த இறக்கத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மலையோட்டம்

அண்ணன் சொன்ன பாதையை நானும் ஆதரிக்கிறேன். ஓட்டத்தை இரண்டாம் நாளில் வைத்திருப்பதில்தான் எனக்குக் கவலை இருக்கிறது. இறக்கத்தில் ஓடும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவதால், அதன் நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அந்த வலி அன்றைக்குத் தெரியாமல் அடுத்த ஓரிரு நாட்களில் உச்சத்தை அடையும். நீங்கள் மூன்றாம் நாள் பண்டாரவளை வீதியில் பெடலை மிதிக்கும்போது அது சரியாக வந்து நிற்கும். ஆகவே ஏறும்போது மட்டும் ஓடுங்கள். 1890 இல் தோமஸ் லிப்டன் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலை வரை ஓட்டோவில் சென்று, அங்கிருந்து லிப்டன் சீட் என்ற காட்சிமுனை வரையுள்ள ஏறக்குறைய 7 கிலோமீற்றர் தோட்டப் பாதையில் ஓடி ஏறி, திரும்பும்போது ஓட்டோவிலேயே இறங்கிவிடலாம். 20 கிலோமீற்றர் என்ற எண்ணை மறந்துவிடுங்கள், அந்த ஏற்றமே போதும். விடியும் நேரத்தில் தொடங்காவிட்டால், உச்சியை அடையும்போது பனிமூட்டம் பள்ளத்தாக்கை மூடியிருக்கும்.

சைக்கிளைப் பொறுத்தவரை, ஏற்றத்தில் மிதிக்க இலேசாக இருக்கும்படி, கியர்ச் சக்கரங்களில் முன்னால் 34 பல்லும் பின்னால் 32 பல்லும் அமையுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். றிம் பிரேக் (சக்கர வளையத்தையே அழுத்தும் பிரேக்) உள்ள சைக்கிளில் நீண்ட இறக்கம் முழுவதும் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் றிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும்; வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி, பின் முற்றாக விட்டுவிட வேண்டும்.

கம்பளைக்காரன்

எல்லோரும் வேனிலேயே நுவரெலியாவுக்கு ஏறிவிட்டால் இறம்பொடை வளைவுகளை யார் ஏறுவது? கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை என்று மிதித்து ஏறாதவர் மலையகத்தில் சைக்கிள் ஓடியதாக நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனாலும் ஆகஸ்டில், அதுவும் மெல்லிய டயரில் வேண்டாம், பெப்ரவரியில் வாருங்கள்.

பண்டாரவளைத் தங்கை

தோட்டப் பாதைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். அவை மக்கள் வேலை செய்யும் இடங்கள். காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம்) முடிந்து மலைக்குச் செல்பவர்கள் பாதை முழுவதும் வருவார்கள். கொழுந்து நிறுக்கும் நேரங்களில் லொறி, ஹோர்னை அடித்துக்கொண்டே ஒரு வாகனத்துக்கு மட்டும் இடமுள்ள வளைவில் திரும்பும். அப்போது பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் கான் (வடிகால்) பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) அருகில் சிறுவர்களும் நாய்களும் குறுக்கே வருவதால் இறங்கி உருட்டிச் செல்வதே மரியாதையும் பாதுகாப்பும் ஆகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் பல இடங்களில் மண்சரிவை ஏற்படுத்தியது. ஆகவே பிரதான வீதியை விட்டு விலகுமுன் அந்தப் பாதை திறந்திருக்கிறதா என்று தோட்டத்து ஆட்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கைப்பேசி வரைபடம் காட்டுகிறது என்பதற்காக நுழைந்துவிடாதீர்கள்.

வெள்ளவத்தை ஓட்டக்காரன்

அனைவருக்கும் மிக்க நன்றி. அட்டனைக் கைவிட்டு, அப்புத்தளையில் இரண்டு இரவுகள் தங்க முடிவு செய்துள்ளோம். கியரைப் பற்றி இந்த வாரமே கடையில் விசாரிக்கிறேன். இன்னொரு கேள்வி: அந்த மாதத்தில் அங்கே இரவுக் குளிருக்கு மெல்லிய ஜக்கெட் போதுமா?

அப்புத்தளைவாசி

குளிருக்கு அது போதும், காற்றுக்குப் போதாது. காற்றைத் தடுக்கும் துணியாகப் பார்த்து வாங்குங்கள். வறண்ட மாதம் என்பதால் சில விடுதிகளில் தண்ணீர் தட்டுப்பாடாக இருக்கும். அறையை முன்பதிவு செய்யும்போதே அதையும் கேட்டுவிடுங்கள்.