காப்பி எடிட்டிங் என்றால் ஒற்றுப் பிழை திருத்துவது மட்டும்தானா?

பொருநைக்கரை:
நாவல் ஒன்று முடித்திருக்கிறேன். 62,000 சொல். கதை 1955-இல் தொடங்கி 1970 வரை, திருநெல்வேலிப் பக்கம் நடக்கிறது. பதிப்பகத்தில் கேட்டால் "காப்பி எடிட் செய்து கொண்டுவாருங்கள்" என்கிறார்கள். தமிழாசிரியர் ஒருவர் ஒற்றெல்லாம் பார்த்துத் திருத்திவிட்டார். அதற்கு மேல் என்ன இருக்கிறது? பாதி நாவல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது, யூனிகோடுக்கு மாற்றி ஒரே வேர்டு கோப்பாக்கிவிட்டேன். லே-அவுட் (பக்க வடிவமைப்பு) முடித்து பிடிஎஃபிலேயே திருத்திக்கொண்டால் என்ன?

நடைத்தாள்:
பிடிஎஃபில் செய்வது மெய்ப்புத் திருத்தம், அதாவது அச்சுக்கு முன் கடைசியாகப் பிழை பார்ப்பது. எடிட்டிங் அதற்கு முன்பே, வேர்டில் முடிந்திருக்க வேண்டும். லே-அவுட்டுக்குப் பிறகு ஒரு பத்தியில் இரண்டு வரி கூடினால் அந்த அத்தியாயம் முழுக்க நகரும். கடைசிப் பக்கத்தில் ஒற்றை வரி தொங்கும். ஒரு ஃபாரத்துக்கு (ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கங்களுக்கு) 16 பக்கம் என்பதால் 304 பக்கத்தில் கச்சிதமாக முடிந்த புத்தகம் 306 ஆனால் அச்சகத்தில் கேட்பார்கள்: வெற்றுப் பக்கம் விடவா, எங்கேயாவது வெட்டவா?

எடிட்டர் குறைந்தது இரண்டு சுற்று போவார். முதல் சுற்றிலேயே நடைத்தாள் என்று ஒன்று எழுதத் தொடங்குவார். உங்கள் நாவலில் எந்தச் சொல்லுக்கு எந்த வடிவம் என்ற பட்டியல் அது. கறுப்பா கருப்பா, கோயிலா கோவிலா, '10 மணி'யா 'பத்து மணி'யா, துணைவினையைச் சேர்ப்பதா பிரிப்பதா. எது சரி என்று சண்டை போடுவதைவிட 12-ஆம் பக்கத்தில் இருப்பதே 212-ஆம் பக்கத்திலும் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். சந்தேகம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் முதலில் வரும் வடிவத்தை எடுத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

ஒற்றையும் சும்மா விட்டுவிட முடியாது. 'கத்தி கொண்டு வந்தான்' என்றால் கையில் கத்தி, 'கத்திக்கொண்டு வந்தான்' என்றால் வாயில் கூச்சல். 'சொல்லி விட்டான்' (சொல்லி அனுப்பினான்), 'சொல்லிவிட்டான்' (சொல்லி முடித்தான்) இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளிதான் வித்தியாசம். இலக்கணம் மட்டும் பார்க்கிறவர் இரண்டையும் சரி என்று தாண்டிப்போவார். அந்த இடத்தில் கதைக்கு எது வேண்டும் என்று பார்ப்பது எடிட்டர் வேலை.

நேரக் கணக்கு: பக்கத்துக்குச் சுமார் 200 சொல் வைத்தால் உங்களுடையது 310 பக்கம். கவனமாகப் பார்த்தால் மணிக்கு 5 பக்கம் போகலாம். ஒரு சுற்றுக்கே 62 மணி நேரம். "ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

காலும் கொம்பும்:
பாமினி மாற்றியதை முதலில் பாருங்கள், எடிட்டருக்கு அனுப்பும் முன்பே. இரண்டு தொல்லை நிச்சயம் இருக்கும்.

ஒன்று, ரகரம். 'அவர்கள்' என்பதில் ர-வுக்குப் பதில் துணைக்கால் உட்கார்ந்திருக்கும்: 'அவா்கள்'. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. தேடினால் கிடைக்காது, அச்சில் எழுத்துரு மாறும்போது அசிங்கமாகத் தெரியும். இதை மொத்தமாக மாற்றலாம். கால் குறிக்குப் பின் புள்ளியோ கொக்கியோ (இகரக் குறியோ) வருவது தமிழில் கிடையாது என்பதால் ஆபத்தில்லை.

இரண்டு, ஔகாரம். 'மௌனம்' என்பது 'மெளனம்' என்று கொம்பும் ளகரமுமாக வந்திருக்கும். இதை மட்டும் மொத்தமாக மாற்றவே கூடாது. 'கெள' எல்லாவற்றையும் 'கௌ' ஆக்கினால் கெளுத்தி மீன் செத்தது. கௌ-வுக்குப் பக்கத்தில் அநாதையாக ஓர் உகரக் குறி நிற்கும். 'வெள'வை மாற்றினால் வெள்ளம், வெளிச்சம், வெளியே எல்லாம் போச்சு. மெளனம், கெளரவம், பெளர்ணமி, செளகரியம் என்று முழுச் சொல்லாகத் தேடி ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

அதேபோல் 'கருப்பு'வைக் 'கறுப்பு' ஆக்கும்போது கருப்புசாமி என்று பாத்திரம் இருந்தால் அவர் பெயரும் மாறிவிடும். 'ஒரு'வை 'ஓர்' ஆக்கி 'ஓர்வர்' என்று அச்சான பக்கங்கள் உண்டு.

பொருநைக்கரை:
ஐயா, கெளுத்தி மீன் மூன்றாம் அத்தியாயத்தில் நிஜமாகவே வருகிறது! நல்லவேளை. இன்னொன்று: பேச்சு வழக்கையெல்லாம் எடிட்டர் எழுத்துத் தமிழாக மாற்றிவிட மாட்டாரா? அந்தப் பயம்தான் பெரிதாக இருக்கிறது.

மூன்றாம் மெய்ப்பு:
நல்ல எடிட்டர் உரையாடலைச் செந்தமிழாக்க மாட்டார். ஆச்சி ஓரிடத்தில் 'அவிய' என்றும் இன்னோரிடத்தில் 'அவுக' என்றும் சொன்னால், எது ஆச்சியின் வாய் என்று ஓரத்தில் கேட்டு வைப்பார். நடைத்தாளில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நாலு வரி ஒதுக்குவது இதற்காகத்தான். ட்ராக் சேஞ்சஸ் (வேர்டில் ஒவ்வொரு திருத்தத்தையும் அடையாளம் காட்டும் வசதி) போட்டுத்தான் கோப்பு திரும்பி வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒற்று, இடைவெளி மாதிரியானவற்றை மொத்தமாக ஏற்கலாம். வாக்கியம் மாறிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

1955 என்றீர்களே, உங்கள் நாவலில் எடிட்டருக்கு நிறைய வேலை இருப்பது அங்கேதான். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1-இல். அதற்கு முந்தைய காட்சியில் யாராவது 50 பைசா கொடுத்தால் தப்பு, அணாதான். ஆனால் 1965-இல் கடைக்காரர் "நாலணா" என்றால் அது சரி. ஜனங்கள் 25 பைசாவை அப்படித்தான் சொன்னார்கள், அதைத் 'திருத்தினால்' எடிட்டர் மேல் தப்பு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986-இல், ஆகவே உங்கள் கதைக்குள் 'தூத்துக்குடி மாவட்டம்' என்று வரக் கூடாது. சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' ஆனது 1969 ஜனவரி 14-இல். அதற்கு முன் ஒரு பாத்திரம் பேச்சில் தமிழ்நாடு என்று சொல்லலாம், சர்க்கார் கடிதத்தின் தலைப்பில் மட்டும் இருக்க முடியாது.

இதற்கு எடிட்டர் ஒரு காலக்கோடு போடுவார்: அத்தியாயம், ஆண்டு, தமிழ் மாதம், யாருக்கு என்ன வயது. ஐப்பசி அடைமழையில் ஆரம்பித்த அத்தியாயத்தில் நான்கு நாள் கழித்து மாங்காய் பறித்தால் அந்தத் தாளில் உடனே தெரிந்துவிடும். அந்தத் தாளை நீங்களே போட்டுக் கோப்போடு அனுப்பினால் பாதி கேள்விகள் வராது.

காலும் கொம்பும்:
லே-அவுட் செய்பவரிடமும் ஒரு வார்த்தை. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காமல் யூனிகோடை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வரி உடையும் இடங்களில் புள்ளி எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வராமல் பார்க்கச் சொல்லுங்கள். மெய்ப்பில் நீங்கள் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.