வெள்ளைத் துணியில் ரத்தக்கறை, ஒரு வழி சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்கு வளைகாப்பு. பிறக்கப்போகும் குழந்தைக்காக அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைகளை வெட்டி, ஒட்டுப்போட்டு ஒரு விரிப்பு தைக்கிறேன். அடிப்பக்கம் வெள்ளை மல் துணி.

நேற்று இரவு ஓரம் அடிக்கும்போது மிஷின் ஊசி ஆள்காட்டி விரலில் நகத்தோரமாக இறங்கிவிட்டது. நல்லவேளை, முனை உடையவில்லை. கடைசியாக டி.டி. ஊசி போட்டு 10 வருஷத்துக்கு மேல் ஆனதால் காலையில் அதையும் போட்டுக்கொண்டேன். விரல் பரவாயில்லை, துணிதான் கவலை.

ஈரமாக இருந்த சொட்டுகளை எச்சில் தொட்ட பஞ்சால் ஒற்றியெடுத்தேன். முகம் சுளிக்காதீர்கள், நன்றாகவே போய்விட்டது! ஆனால் மடிப்புக்குள் ஒளிந்திருந்த ஒரு சொட்டைக் காலையில்தான் பார்த்தேன். காய்ந்து, பழுப்பேறி, மிளகளவு. வெந்நீர் பட்டால் ரத்தக்கறை துணியோடு நிலைத்துவிடும் என்பதால் பச்சைத்தண்ணீரில்தான் நனைத்தேன். லேசாக மங்கியது, அவ்வளவுதான்.

வீட்டில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. ஆனால் கறைக்கு அரை அங்குலம் தள்ளி அரக்குச் சிவப்புச் சுங்குடி. அது வெளுத்துவிடுமோ என்று கை நடுங்குகிறது. யாராவது சுங்குடிக்குப் பக்கத்தில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? உப்புத் தண்ணீரே போதுமா?

அப்புறம், மூலையில் மிஷின் எண்ணெய்க் கறை ஒன்றும் இருக்கிறது. இப்போதைக்கு டால்கம் பவுடர் தூவி வைத்திருக்கிறேன். அடுத்து பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் தொடலாமா? நீங்கள் சொல்லும்வரை இஸ்திரிப் பெட்டியைத் தொடமாட்டேன்.