எலி விந்தக ஸ்லைடில் குழல்களுக்கு நடுவே இடைவெளி: மருந்தின் விளைவா, ஃபிக்ஸிங் கோளாறா?

விஸ்டார்28:
வணக்கம். ஆண் விஸ்டார் எலிகளுக்கு 28 நாள் மருந்து கொடுத்த ஆய்வு. விந்தகத்தை எடுத்தவுடன் குறுக்கே இரண்டாக வெட்டி, 10% ஃபார்மலினில் 24 மணி நேரம் ஃபிக்ஸிங் (திசு கெடாமல் பதப்படுத்துவது). பிறகு பாரஃபின், 5 மைக்ரான் செக்‌ஷன், ஹெச்&இ (ஹீமட்டாக்சிலின்–இயோசின்) சாயம். செமினிஃபெரஸ் குழல்கள் (விந்தணு உருவாகும் குழல்கள்) ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நடுவே வெள்ளை வெள்ளையாக இடைவெளி. பல குழல்களின் லூமெனில் (உட்குழியில்) செல்கள் உதிர்ந்து கிடக்கின்றன. போதாக்குறைக்கு, செகண்டரி ஸ்பெர்மட்டோசைட் என்று சுட்டிக்காட்ட ஒரு செல்கூடக் கிடைக்கவில்லை. மயோசிஸ் (விந்தணுவாகப்போகும் செல்லின் குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் பிரிவு) நின்றுவிட்டது என்று எழுதலாமா?

மைக்ரோடோம்:
எழுதாதீர்கள். மருந்து கொடுக்காத கண்ட்ரோல் எலியின் ஸ்லைடிலும் இதே இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு தவறு நடந்திருக்கிறது. ஒன்று, பச்சை விந்தகத்தை வெட்டியது. டூனிகா அல்புஜினியா என்ற கெட்டி உறைக்குள் குழல்கள் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கின்றன. பிளேடு பட்டதும் உள்ளே இருப்பது பிதுங்கி வெளியே வரும், எபிதீலியம் (குழலின் உட்புறச் செல் அடுக்கு) கழன்று லூமெனுக்குள் விழும். ஃபோர்செப்ஸால் அழுத்திப் பிடித்தாலும் இதே கதைதான். பிடிக்க வேண்டியது எபிடிடிமிஸ் (விந்தகத்தை ஒட்டி, விந்தணு போய்ச் சேரும் சுருள் குழாய்) பக்கத்துக் கொழுப்பை, விந்தகத்தை அல்ல. இரண்டாவது, ஃபார்மலின். மற்ற உறுப்புகளுக்குச் சரி. விந்தகத்தில் குழல்கள் சுருங்கிவிடும், நியூக்ளியஸின் குரோமாட்டின் (டிஎன்ஏ–புரத இழைகள்) மங்கிவிடும்.

அடுத்த முறை ஃபார்மலினுக்குப் பதில் பூவான் திரவம்: நிறைவுற்ற பிக்ரிக் அமிலக் கரைசல் 75 மி.லி., ஃபார்மலின் (37–40%) 25 மி.லி., கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5 மி.லி. முழு விந்தகத்தின் இரு முனையிலும் மெல்லிய ஊசியால் உறையில் சில துளை போட்டு, விந்தகத்தைப் போல் 20 மடங்கு திரவத்தில் முக்கிவிடுங்கள். சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும், அப்போது வெட்டலாம். மொத்தம் 24 மணி நேரம் போதும். பிறகு 70% ஆல்கஹாலை மாற்றி மாற்றி, மஞ்சள் குறையும்வரை கழுவுங்கள். ஸ்லைடிலும் மஞ்சள் மிஞ்சினால், லித்தியம் கார்பனேட் நிறைவுற்ற 70% ஆல்கஹாலில் ஒரு முக்கு.

பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும். பாட்டிலில் எப்போதும் ஈரம் இருக்கட்டும், உலோக மூடி வேண்டவே வேண்டாம்.

ஸ்டேஜ்_எட்டு:
ஃபிக்ஸேட்டிவ் பற்றி மேலே சொன்னதில் ஒரு மாற்றுக் கருத்து. பூவானிலும் ஓரளவு சுருங்கத்தான் செய்யும், தவிர டிஎன்ஏ சிதையும். டியூனெல் (மடியும் செல்களின் உடைந்த டிஎன்ஏவைக் காட்டும் சோதனை) அல்லது இம்யூனோ சாயம் (ஆன்டிபாடியால் குறிப்பிட்ட புரதத்தைக் காட்டும் சாயம்) போடும் எண்ணம் இருந்தால் மாற்றியமைத்த டேவிட்சன் திரவம் நல்லது: ஃபார்மலின் 30, எத்தனால் 15, கிளேசியல் அசிட்டிக் 5, வடிநீர் 50 மி.லி. ஒரு நாள் கழித்து நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினுக்கு மாற்றிவிடலாம். பிக்ரிக் தலைவலியும் இல்லை.

செகண்டரி ஸ்பெர்மட்டோசைட் விஷயம். முதல் மயோசிஸ் பிரிவு முடிந்து சில மணி நேரத்துக்குள் அடுத்த பிரிவுக்குப் போய்விடும் செல் அது. குழலில் எந்தெந்தச் செல்கள் சேர்ந்திருக்கின்றன என்பதை வைத்துப் பிரிக்கும் எலியின் 14 ஸ்டேஜ்களில் 14-ஆவதில் மட்டும், பிரிந்துகொண்டிருக்கும் செல்களோடு கலந்து கிடைக்கும். ஆரோக்கியமான எலியிலும் தேடித்தான் பிடிக்க வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டியது வட்ட ஸ்பெர்மாட்டிட், அதாவது மயோசிஸ் முடிந்து உருவாகும் செல்; அதுவே பிறகு நீண்டு விந்தணுவாகும். அவை 1 முதல் 8 வரையான ஸ்டேஜ்களில் அடுக்கடுக்காக இருந்தால், மயோசிஸ் நடக்கிறது. ஸ்பெர்மட்டோசைட் நிறைய இருந்து, அதற்கு மேல் வட்ட செல்லே இல்லை என்றால்தான் தடை.

பி.ஏ.எஸ். (பீரியாடிக் ஆசிட்–ஷிஃப்) ஹீமட்டாக்சிலின் சாயம் போடாமல் ஸ்டேஜ் பிரிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி. அக்ரோசோம் (ஸ்பெர்மாட்டிட்டின் தலைப்பக்க உறை) மெஜந்தா நிறத்தில் தொப்பிபோல் நியூக்ளியஸின் மேல் படர்வதைப் பார்த்துத்தான் 4, 5, 6, 7 என்று சொல்ல முடியும்.

இன்னொன்று: எலியில் 14 ஸ்டேஜ்களும் அடங்கிய ஒரு சுழற்சி ஏறக்குறைய 13 நாள், முழு விந்தணு உருவாக்கம் சுமார் 8 வாரம். 28 நாள் என்பது இரண்டு சுழற்சிக்குச் சற்றுக் கூடுதல்தான். மருந்து ஸ்பெர்மட்டோகோனியாவை (எல்லாவற்றுக்கும் முந்தைய மூலச் செல்களை) தாக்கியிருந்தால் இப்போது ஸ்பெர்மட்டோசைட் அடுக்கு காலியாகி, அதற்கு மேல் நீண்ட ஸ்பெர்மாட்டிட்கள் அப்படியே நிற்கலாம். "விந்தணு இருக்கிறது, பாதிப்பில்லை" என்று ஏமாந்துவிட வேண்டாம்.

விஸ்டார்28:
கண்ட்ரோலிலும் அதே இடைவெளி, அதே உதிர்வு. வட்ட ஸ்பெர்மாட்டிட் எல்லா எலியிலும் இருக்கிறது. பாரஃபினில் பதித்த பிளாக்குகளைக் காப்பாற்ற வழி உண்டா?

மைக்ரோடோம்:
சுருங்கியது திரும்ப விரியாது, மீண்டும் ஃபிக்ஸ் செய்தும் பயனில்லை. குழல் விட்டம், இடைத்திசுப் பரப்பு இரண்டையும் அளந்து எண் போடாதீர்கள்.

உதிர்வு உண்மையா என்பதை எபிடிடிமிஸ் சொல்லிவிடும். உயிரோடிருந்தபோதே உதிர்ந்த செல்கள் விந்தணுக்களோடு கீழே போயிருக்கும், காடாவின் (எபிடிடிமிஸின் வால் பகுதி) லூமெனில் வட்ட நியூக்ளியஸ்கள் தெரியும். விந்தகத்தில் மட்டும் உதிர்வு, காடாவில் விந்தணு மட்டும் என்றால் அது கத்தியின் வேலை. எபிடிடிமிஸ் எடுத்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா?

ஸ்டேஜ்_எட்டு:
ஃபார்மலின் பிளாக்கிலும் நம்பத்தக்கவை சில உண்டு: பல நியூக்ளியஸ் கொண்ட ராட்சத செல்கள், செர்டோலி செல்லில் (விந்தணுவாகும் செல்களைத் தாங்கி வளர்க்கும் செல்) குமிழ்கள், 8-ஆம் ஸ்டேஜில் வெளியேறியிருக்க வேண்டிய நீண்ட ஸ்பெர்மாட்டிட்கள் 9 முதல் 11 வரை எபிதீலியத்துக்குள்ளேயே புதைந்து கிடப்பது. கண்ட்ரோலில் அரிதாக, மருந்து கொடுத்ததில் அடிக்கடி என்றால் எழுதுங்கள். எந்தக் குழு என்று தெரியாதபடி ஸ்லைடு எண்ணை மறைத்துவிட்டு எண்ணுங்கள்.