நூறு நாள் வேலையும் நம் ஊர் நடவும்

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வந்த மடல்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப ஒலித்தது: நூறு நாள் வேலை வந்த பிறகு நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் நாம் இதை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம் விழுப்புரம் மாவட்டத்தில் திட்டம் 2006 பிப்ரவரியிலேயே, முதல் 200 மாவட்டங்களோடு வந்துவிட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு நூறு நாள் என்றாலும், நாட்டுச் சராசரி ஐம்பது நாளை ஒட்டியே நின்றது. தமிழ்நாட்டில் இத்திட்ட வேலைக்குப் போகிறவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்கள். அண்டை வெட்டி, வரப்புக் கட்டிய ஆண்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் கிளம்பியது இத்திட்டத்துக்கு வெகுகாலம் முன்பு. நாமும் அப்படிக் கிளம்பியவர்களின் பிள்ளைகள்தான்.

கூலி ஏறியதை மறுக்கவில்லை. 2006இல் 80 ரூபாயாக இருந்த திட்டக் கூலி 2025–26இல் 336 ரூபாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. இரண்டு ஏக்கரில் மணிலா (நிலக்கடலை) போடுகிறவருக்கு ஆள் கூலி பெரிய பாரம், அதை நான் கண்ணால் பார்த்தவன். ஆனால் அவர் வீட்டிலும் வேலை அட்டை இருக்கிறது. கோடையில் அவர் மனைவியும் ஏரி வேலைக்குப் போகிறார். ஆந்திரத்தில் கூலியை ஒழுங்காகப் பட்டுவாடா செய்த மண்டலங்களை ஆராய்ந்தபோது, திட்டத்துக்கு வெளியே கிடைக்கும் கூலி உயர்ந்தது, அந்த வெளி வேலை குறையவில்லை என்றே தெரிந்தது.

என் கவலை வேறு. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் வேலையை 125 நாளாக உயர்த்துகிறது. கூடவே விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் திட்ட வேலையை நிறுத்தச் சொல்கிறது. விவசாயத்துக்கு ஆள் கிடைக்கும் என்பது கணக்கு. நம் ஊரில் நெல் அறுவடை முழுக்க இயந்திரத்துக்குப் போய்விட்டதே! தை மாதத்தில் வேலையை நிறுத்தினால் அந்தப் பெண்கள் எந்த வயலுக்குப் போவார்கள்? ஆள் உண்மையில் தேவைப்படுவது நடவுக்கும் களையெடுப்புக்கும் மணிலா பிடுங்குவதற்கும். இவை ஊருக்கு ஊர், ஏரிப் பாசனத்துக்கும் கிணற்றுப் பாசனத்துக்கும்கூட மாறுகின்றன. நிறுத்தும் நாள்களை வட்டாரத்துக்கு ஏற்ப அறிவிக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

வேலையின் தரத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஆண்டுதோறும் ஏரிக்கரையில் புல் செதுக்குவதால் ஒரு குடம் தண்ணீர்கூட அதிகம் தேங்காது. வரத்துவாய்க்காலைத் தூர் வாரி, மதகு வரை மண் எடுத்தால் கடைமடை நிலமும் நனையும். சிறு விவசாயிகளின் சொந்த நிலத்தில் வரப்புக் கட்டவும் பண்ணைக்குட்டை வெட்டவும் பழைய சட்டமே அனுமதித்தது. நம் ஊரில் யாரும் மனுக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

மே 1 கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் குத்தகைதாரரிடம் தொலைபேசியில் இரண்டைக் கேட்டு எழுதுங்கள்: நடவும் களையும் எந்த வாரங்களில், எந்த வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது. தொகுத்து ஊராட்சிக்கு மனுவாக அனுப்பும் வேலை என்னுடையது.